தலையில்லாத இரண்டாம் பக்கம்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, அதை ஓட வைத்தவரே போய் நிறுத்தினால், அவரைக் கெட்டிக்காரர் என்பதா, தோற்றுப்போனவர் என்பதா? சித்தி ஆஸ்பத்திரியில் செய்த காரியத்தைக் கேள்விப்பட்ட அன்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

சித்தி அங்கே சேர்ந்தது டைப்பிஸ்டாக. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ரெக்கார்டு அறையில் உட்கார்ந்து, டாக்டர்கள் கிறுக்கிக் கொடுப்பதைப் பார்த்து டிஸ்சார்ஜ் குறிப்புகளை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒருநாள் ரிசப்ஷன் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கூட்டம் வாசல்வரை போய்விட்டது. எல்லோரும் இருண்ட திரையை முறைத்துக்கொண்டிருந்தபோது சித்தி மேஜைக்கடியில் தவழ்ந்து போய், துடைப்பம் பட்டு நழுவியிருந்த ஒயரைச் செருகிவிட்டு, தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தாள். அன்றிலிருந்து எந்த அறையில் எது மக்கர் செய்தாலும் "டைப்பிஸ்ட் அக்காவைக் கூப்பிடு" என்றாகிவிட்டது. சித்தியும் சளைக்கவில்லை. தெரியாததைத் தேடிப் படித்தாள், கெடுத்தாள், கெடுத்ததைத் தானே சரிசெய்தாள்.

ஆனால் பேர் என்னவோ டைப்பிஸ்ட்தான். கம்ப்யூட்டர் பொறுப்பாளர் என்று ஒரு வேலையை ஆஸ்பத்திரி புதிதாக உண்டாக்கப்போகிறது என்று காதில் விழுந்ததும் சித்திக்கு அதன்மேல் ஆசை வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. சித்தப்பா டவுன் பஸ் ஓட்டுபவர், எதையும் கேலியாகத்தான் ஆரம்பிப்பார்.

"பொறுப்பாளர் அம்மா வீட்டுக்குள்ள வர்றப்ப நான் எந்திரிச்சு நிக்கணுமா?"

"ஆமா. சாப்பாடும் நீங்களே போட்டுக்கணும்."

"அது இப்பவும் அப்படித்தானே நடக்குது?"

மேனேஜர் ஒருநாள் சித்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய மேஜையில் விதவிதமான மை டப்பாக்கள் பொம்மை மாதிரி வரிசையாக நின்றன.

"இங்க பாருங்கம்மா. ரூமுக்கு ஒரு பிரிண்டர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வியாதி. நாம மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறோமா, பிரிண்டருக்குப் பார்க்கிறோமா? கூடத்துல ஒரே ஒரு பெரிய பிரிண்டர். எல்லா ரூமும் அதுல அடிக்கணும். நிர்வாகக் குழு வந்து பார்க்கிறப்ப இது ஓடிக்கிட்டு இருந்தா அந்த வேலை உங்களுக்கு. ஓடலைன்னா வெளியில ஒரு கம்பெனி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கு. அவங்களுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

"ஓடும் சார்," என்றாள் சித்தி.

எல்லா அறைகளும் ஒரே பிரிண்டரோடு நேராகப் பேசினால் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைக்க வேண்டும். அது எல்லோரிடமிருந்தும் வாங்கி, வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, பிரிண்டருக்குப் புரிகிற விதத்தில் ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பும். கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர் மாதிரி. அதற்குத்தான் பிரிண்ட் சர்வர் என்று பேர். ஸ்டோர் ரூமில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு கம்ப்யூட்டரைத் தட்டித் துடைத்து, லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, சித்தி அந்த வேலைக்குத் தன் அறையிலேயே வைத்தாள்.

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு தனி நாடு. ரிசப்ஷனில் விண்டோஸ். மருந்து கொடுக்கும் இடத்திலும் விண்டோஸ்தான், ஆனால் அதற்குப் பெரியப்பா வயது. எக்ஸ்ரே டாக்டர் தன் சொந்த மேக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார். லேபில் மேஜைக்கொரு பிரிண்டரோடு இரண்டு மேஜை. இரண்டிலும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் காட்டும் பழைய நிரல், யார் எழுதிக் கொடுத்தார்கள் என்றுகூட யாருக்கும் நினைவில்லை.

ரிசப்ஷன் ஒவ்வொரு தாளுக்கும் பாஸ்வேர்டு கேட்டது. மருந்துக் கவுண்டருக்குப் புதிய சர்வர் இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிய வைத்த பிறகு, அங்கிருந்த பார்மசிஸ்ட் தாள் வரும்வரை பட்டனை அழுத்திக்கொண்டே இருந்ததில், ஒரே பில் கட்டுக் கட்டாக வந்து விழுந்தது.

"ஒரு தடவை அழுத்தினாப் போதும் தம்பி."

"லிப்டுக்குக்கூட நான் நாலு தடவை அழுத்துவேன்கா. கைப்பழக்கம்."

மேக்குக்குச் சித்தி தப்பான டிரைவர் நிரலைக் கொடுத்ததில் நெஞ்சு எக்ஸ்ரே குறிப்புக்குப் பதிலாகப் பக்கம் பக்கமாகக் குறியீடுகள் வந்தன. எக்ஸ்ரே டாக்டர் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இந்த நோயாளி பிழைக்க மாட்டார்" என்றார். லேப் தாளிலோ ஒவ்வொரு வரியும் முந்தின வரி முடிந்த இடத்திலிருந்து தொடங்கி, படிக்கட்டு மாதிரி இறங்கிப் போய்த் தாளுக்கு வெளியே விழுந்தது. வரி முடிந்தால் இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பிரிண்டருக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

ஒவ்வொரு அறையாகப் போய் மல்லுக்கட்டினாள். ஓர் அறை சரியானதும், அங்கே ஒரு தாள் அடித்துப் பார்த்து, திருப்தியாகி, அடுத்த அறைக்குப் போனாள். லேபைச் சோதித்தபோது மட்டும் சர்வரின் திரையில் ஒன்று கண்ணில் பட்டது. லேபிலிருந்து வரும் ஒரு ரிப்போர்ட்டுக்கு இரண்டு பக்கம். மற்ற அறைகளிலிருந்து இரண்டு பக்கம் வந்தால் வரிசையில் ஒரே உருப்படியாக நிற்கும். லேபின் இரண்டு பக்கங்களும் தனித்தனி ஆட்களாக நின்றன. பழைய நிரல், ஒரு பக்கத்தை முடித்து அனுப்பிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைக் கையில் எடுக்கிறது போலும் என்று சித்தி நினைத்தாள். தாள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாகவே வந்தன. பிறகென்ன? பார்த்தாள். பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

நிர்வாகக் குழு வந்த காலை, எல்லா அறைகளின் பழைய பிரிண்டர்களும் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டன. கூடத்தின் நடுவில் பெரிய பிரிண்டர் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. குழுத் தலைவி அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாடியில் எக்ஸ்ரே அறையில் அழுத்தினார்கள், கீழே வந்தது. மருந்துக் கவுண்டரில் அழுத்தினார்கள், வந்தது. பார்மசிஸ்ட் ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார் என்பதைச் சித்தி எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். குழுவில் ஒருவர் சூடான தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கைதட்டினார்கள்.

"இனிமே இவங்கதான் நம்ம கம்ப்யூட்டர் பொறுப்பாளர்," என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். "டீ குடிச்சுட்டு ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடலாம்."

சித்தி ரெக்கார்டு அறைக்கு வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் ஸ்டேப்ளர் அண்ணன் உள்ளே வந்தார். அவர் அட்டெண்டர். லேப் ரிப்போர்ட்டுகளை எடுத்து, பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்து, வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. ஸ்டேப்ளர் எப்போதும் சட்டைப் பையில் இருப்பதால் அதுவே பேராகிவிட்டது.

"நல்லா வேலை செய்யுதும்மா உன் மிஷினு. காலையில லேபுல செம கூட்டம். தாளு அருவி மாதிரி கொட்டுது. கொஞ்சம் கலஞ்சுதான் விழுந்துச்சு. ஆனா நான் விடுவேனா, அழகாப் பிரிச்சுச் சேர்த்துட்டேன்."

"கலஞ்சு விழுந்துச்சா? எதுண்ணே?"

"தலை இருக்கிற தாளு ரெண்டு விழும், அப்புறம் தலை இல்லாத தாளு ரெண்டு விழும். முதல் தலைக்கு முதல் முண்டம், ரெண்டாவது தலைக்கு ரெண்டாவது முண்டம். வந்த வரிசை எப்பவும் தப்பாதே."

லேப் ரிப்போர்ட்டில் நோயாளியின் பேரும் வயதும் முதல் பக்கத்தின் தலையில் மட்டும்தான் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் வெறும் எண்கள். அந்தப் பழைய நிரல் அப்படித்தான். இத்தனை வருடமும் லேபின் ஒவ்வொரு மேஜைக்கும் சொந்தப் பிரிண்டர் இருந்தது. ஒரு மேஜையின் தாளுக்கு நடுவில் இன்னொரு மேஜை நுழைய வழியே இல்லை. வந்த வரிசை உண்மையிலேயே தப்பியதில்லை. இன்று காலைதான் இரண்டு மேஜையும் ஒரே வாசலில் வந்து நின்றிருக்கின்றன.

சித்தி சர்வரின் திரையைத் திருப்பி, காலையிலிருந்து வந்த வரிசையைப் பார்த்தாள். முதல் மேஜை, இரண்டாம் மேஜை, இரண்டாம் மேஜை, முதல் மேஜை. கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. முதல் தலைக்கு முதல் முண்டம் என்று சேர்த்திருந்தால், ஒருவரின் பேர் இன்னொருவரின் ரத்தத்தோடு பின் அடிக்கப்பட்டிருக்கிறது.

அறை அறையாகத்தான் சோதித்திருந்தாள். எல்லோரையும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்லிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அண்ணே, அந்த ரிப்போர்ட்டெல்லாம் இப்ப எங்க?"

"கொடுத்தாச்சேம்மா. ரெண்டு வார்டுலயும் கொடுத்தாச்சு. ஒண்ணு மட்டும் அவசரம்னாங்க, தியேட்டருக்கு. அந்தத் தையல்காரர் இருக்காருல்ல, குடலிறக்கம், அவருக்கு இன்னைக்கு ஆபரேஷன்."

சித்தி நாற்காலியை விட்டு எழுந்தாள். கூடத்திலிருந்து டீக் கோப்பைகளின் சத்தம் கேட்டது. கையெழுத்து இன்னும் போடவில்லை. சத்தமில்லாமல் வார்டு வார்டாகப் போய்த் தாள்களைத் திரும்ப வாங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு வந்தது என்று அவளே பிறகு சொன்னாள். ஆனால் எத்தனை தாள், எந்தக் கட்டிலில், எந்த டாக்டர் கையில்? அவள் ஒருத்தி போய் ஒவ்வொன்றாகப் பிடிப்பதற்குள் யாராவது ஒருவர் எதையாவது படித்துவிட்டு ஊசியை எடுத்துவிடலாம்.

அவள் கூடத்துக்குப் போனாள். மேனேஜர் அந்தச் சமயம் இன்னொரு தாளை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சித்தி பிரிண்டரின் பின்னால் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். தாள் பாதி வாயில் நின்றுபோயிற்று. குழுத் தலைவி கோப்பையை இறக்கி வைத்தார்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் மேனேஜர், சிரிப்பை விடாமலே.

சித்தி நேராக ரிசப்ஷனுக்கு நடந்தாள். அங்கே நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மைக்கை எடுத்தாள்.

"எல்லா வார்டுக்கும் சொல்றேன். காலையிலிருந்து வந்த லேப் ரிப்போர்ட் எதையும் நம்பாதீங்க. ரெண்டாவது பக்கம் வேற ஆளோடதா இருக்கலாம். எல்லாத்தையும் லேபுக்கே திருப்பி அனுப்புங்க. தப்பு என்னோடது. பிரிண்டர் வச்சது நான்தான்."

மைக்கை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். தியேட்டருக்குள் ஒலிபெருக்கி கிடையாது.

தியேட்டர் வாசலில் சிஸ்டர் வழியை மறித்தார். அவரைக் கண்டால் டாக்டர்களே பாதி அடி தள்ளி நடப்பார்கள்.

"செருப்போட எங்க வர்றீங்க? டைப்பிஸ்டுக்குத் தியேட்டர்ல என்ன வேலை?"

"தையல்காரர் ரிப்போர்ட் சிஸ்டர். அது அவரோடது இல்லாம இருக்கலாம்."

"என் கையில இருக்கு. பேரு இருக்கு, வயசு இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

"பேரு முதல் பக்கத்துலதான் இருக்கு சிஸ்டர். ரெண்டாவது பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அதுல யாரு பேரு இருக்கு?"

சிஸ்டர் திருப்பினார். எண்கள் மட்டும் இருந்தன. ரத்தம் உறைய எடுக்கும் நேரம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. கத்தி வைக்கலாமா என்று பார்ப்பதற்கு முக்கியமான எண் அது. தாளில் இயல்பான அளவு போட்டிருந்தது.

"மயக்க மருந்து டாக்டர் ஊசியைக் கையில எடுத்துட்டார்," என்று சிஸ்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். "இந்த நம்பரைப் பார்த்துத்தான்."

"லேபுக்குப் போன் போடுங்க. தாளைப் பார்க்க வேண்டாம், அவங்க திரையில இருக்கிறதைப் படிக்கச் சொல்லுங்க."

சிஸ்டர் கதவைத் திறந்து உள்ளே, "டாக்டர், ஒரு நிமிஷம் கை வைக்காதீங்க" என்றார். பிறகு சுவரில் இருந்த போனை எடுத்தார். லேப் பெண் தேடும் நேரம் முழுக்கச் சித்தி அந்தப் போனின் சுருட்டை ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நம்பரும் ஒன்றாகவே இருந்துவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டாள். அப்படி இருந்தால் கூடத்தில் தான் செய்த ரகளைக்கு என்ன பதில் என்பதும் அதே நொடியில் மனதில் ஓடியது.

சிஸ்டர் கேட்டார். திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னார். தாளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கிட்டத்தட்ட ரெட்டிப்பு," என்றார்.

உள்ளேயிருந்து சர்ஜன் முகமூடியோடு வந்து, போனை வாங்கித் தானே கேட்டார். பிறகு உள்ளே திரும்பி, தையல்காரரிடம் நெஞ்சு வலிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று விசாரித்தார். ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, நேற்றுகூடப் போட்டேன், நிறுத்தச் சொன்னது ஞாபகமில்லை என்று பதில் வந்தது.

"இன்னைக்கு வேண்டாம். வார்டுக்குக் கொண்டுபோங்க," என்றார் சர்ஜன். பிறகு சித்தியைப் பார்த்தார். "இது யாரோட தப்பு?"

"என்னோடதுதான் டாக்டர்."

அவர் தாளை அவளிடமே கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. தையல்காரர் படுத்தபடியே கேட்டார்:

"அப்ப இன்னைக்கு இல்லையா? காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் காட்டல. இப்பவாச்சும் ஒரு டீ கொடுப்பீங்களா?"

அவருடைய உண்மையான இரண்டாம் பக்கம் கீழ் வார்டில் ஒரு கல்லூரிப் பெண்ணின் கட்டிலில் கிடைத்தது. பெண்ணுக்கு ரத்தத்தில் ஏதோ பெரிய கோளாறு என்று நினைத்து, அவளுடைய அம்மா அழுது முடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டிருந்தார். சித்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை விளக்கினாள். அந்த அம்மா அவளைத் திட்டித் தீர்த்தார். சித்தி கேட்டுக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் லேபின் பழைய பிரிண்டர்கள் இரண்டும் ஸ்டோர் ரூமிலிருந்து அவரவர் மேஜைக்கே திரும்பின. எல்லா ரிப்போர்ட்டும் புதிதாக அடிக்கப்பட்டன. ஸ்டேப்ளர் அண்ணன் ரெக்கார்டு அறை வாசலில் வந்து நின்றார். ஸ்டேப்ளரைக் கையில் எடுத்து மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"நான்தானேம்மா மாத்தி அடிச்சேன்."

"நீங்க எப்பவும் பண்ற மாதிரிதான் பண்ணீங்கண்ணே. தாள் வர்ற வழியை மாத்தினது நான். மாத்தினதை உங்ககிட்ட சொல்லாததும் நான்."

குழு போன பிறகு மேனேஜர் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது சித்திக்கு.

"முதல்ல என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். மிஷின் கோளாறுன்னு சொல்லியிருக்கலாம். குழு முன்னாடி மைக்கைப் பிடிச்சு, தப்பு என்னோடதுன்னு சொல்லி, நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க."

"மிஷின் நான் சொன்னதைத்தான் சார் செஞ்சுது."

"சரி. நான் இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டு உங்க பேரை அவங்ககிட்ட கொண்டுபோறது?"

வேலை வெளிக் கம்பெனிக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்து அழுதாள். தையல்காரரை நினைத்துப் பாதி, வேலையை நினைத்துப் பாதி. சித்தப்பா அன்று கேலியாக ஆரம்பிக்கவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"நான் சடன் பிரேக் போட்டா பஸ்ஸே சேர்ந்து திட்டும். நின்னுக்கிட்டு வந்தவன் விழுந்து எந்திரிச்சுத் திட்டுவான். குறுக்கே வந்தவன் பாட்டுக்குப் போயிட்டே இருப்பான், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்."

"டீல சர்க்கரையே இல்ல," என்றாள் சித்தி.

"பொறுப்பாளர் அம்மா இல்லையே இப்ப. நீயே போட்டுக்க."

கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். சித்தி அமைத்ததைப் பார்த்துவிட்டு, சர்வரை மாற்ற வேண்டியதில்லை, லேபை மட்டும் வெளியே வைத்தது சரிதான் என்றார். சாவியையும் பாஸ்வேர்டையும் ஒப்படைக்கும்போது சித்தி ஒன்று கேட்டாள்.

"ஒரே ஒரு சோதனை பண்ணிட்டு வாங்கிக்கறீங்களா? எல்லா ரூமும் ஒரே நேரத்துல அழுத்தணும்."

"பகல்ல எல்லாரையும் நிறுத்தி வைக்க மேனேஜர் விடுவாரா மேடம்?"

மேனேஜர் சற்று யோசித்தார். பிறகு தானே ரிசப்ஷன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். எக்ஸ்ரே டாக்டர், பார்மசிஸ்ட், நர்ஸ்கள், எல்லோரும் அவரவர் இடத்தில். தியேட்டர் சிஸ்டர் கேட்காமலேயே கீழே இறங்கி வந்து, விழும் தாள்களை எடுக்கத் தட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். சித்தி மைக்கை எடுத்து, "இப்ப" என்றாள்.

பிரிண்டர் திணறித் திணறித் துப்பியது. தாள்களைக் கூடத்து மேஜையில் பரப்பி, சிஸ்டரும் ஸ்டேப்ளர் அண்ணனும் பொறியாளரும் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். எந்த அறையின் தாளுக்கு நடுவிலும் இன்னொரு அறை நுழைந்திருக்கவில்லை. சித்தி அதன்பிறகுதான் சாவியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அடிக்க வேண்டிய டிஸ்சார்ஜ் குறிப்புகள் குவிந்து கிடந்த ரெக்கார்டு அறைக்குப் போனாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் ஆபீஸிலோ, பள்ளியிலோ, ஆஸ்பத்திரியிலோ யாராவது எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர் வைக்கப்போகிறார் என்றால், தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். தாளை எடுத்துப் பின் அடிக்கிறவர் யாரோ, அவரிடமும் சொல்லுங்கள்.